மிடில் எர்த்தின் மனிதர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டோல்கீனின் ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ படங்களைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் எல்ஃப், குள்ளர், ஓர்க் போன்ற மற்ற இனங்களைப் பற்றியெல்லாம் தெளிவாகப் பேசுவார்கள். மனிதர்கள் என்று வந்தால்தான் குழப்பம். யார் யாருக்கு உறவு, யாருக்கு யார் மேல் கோபம், யார் எங்கிருந்து வந்தார்கள் என்று ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருவதால், கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். கதை முடிவு தெரியக் கூடாது என்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஆண்டுக் கணக்கு மிடில் எர்த் என்ற அந்தக் கற்பனை உலகத்தில் யுகத்துக்கு யுகம் புதிதாகத் தொடங்கும். படங்களில் வரும், சவுரான் என்ற இருண்ட தலைவனுக்கு எதிரான மோதிரப் போர் மூன்றாம் யுகத்தின் 3018, 3019-ல் நடக்கிறது. யுகத்தைச் சொல்லாமல் ஆண்டு மட்டும் கொடுத்திருந்தால் அது மூன்றாம் யுகம்.

மனுஷங்க எல்லாரும் ஒரே இனம்தானே? அப்புறம் எதுக்கு இத்தனை பேரு?

பிறப்பில் ஒரே இனம்தான். சூரியன் முதன்முதலாக உதித்தபோது, வெகு கிழக்கே ஹில்டோரியன் என்ற இடத்தில் மனிதர்கள் கண்விழித்தார்கள். அங்கிருந்து கூட்டம் கூட்டமாகப் பிரிந்து போனார்கள். மேற்கே வந்தவர்களில் ஒரு பகுதியினர் மட்டும் நீல மலைகளைத் தாண்டி எல்ஃப்களின் நாட்டுக்குள் நுழைந்தார்கள். மற்றவர்கள் வழியிலேயே தங்கினார்கள், அல்லது தெற்கும் வடக்கும் போனார்கள்.

பின்னால் வரும் அத்தனை பிரிவுக்கும் இதுதான் வேர்: யார் மலையைத் தாண்டினார்கள், யார் தாண்டவில்லை. தாண்டியவர்களுக்கு எல்ஃப்களின் மொழியும் கல்வியும் கிடைத்தன. எழுதிவைத்தவர்களும் அவர்களே. எனவே மற்றவர்களைப் பற்றி நாம் படிப்பதெல்லாம் பெரும்பாலும் இவர்கள் கண்ணால் பார்த்தது என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

எடாயின், டூனெடாயின், நூமெனோர்காரங்க, மூணும் ஒண்ணா?

ஒரே வரிசையில் வருகிறவர்கள். மலையைத் தாண்டிய மூன்று குலங்களுக்குப் பொதுப்பெயர் எடாயின். முதலில் வந்தது பேயோர் குலம்; எல்ஃப் அரசன் ஃபின்ராட் இவர்களைச் சந்தித்தது முதலாம் யுகம் 310-ல். பின்னால் ஹாடோர் குலம் என்று பெயர் பெற்ற கூட்டம் உயரமானவர்கள், பொன்னிறத் தலைமுடி. மூன்றாவது ஹாலெத் குலம். என் கணக்கில் மூன்றில் சுவாரசியமானவர்கள் இவர்கள்தான். காட்டில் ஒதுங்கி வாழ்ந்தார்கள், மற்ற இரண்டு குலத்துக்கும் புரியாத ஒரு மொழி பேசினார்கள். ஹாலெத் ஒரு பெண். அப்பாவும் இரட்டைச் சகோதரனும் ஓர்க்குகளுடன் போரிட்டுச் செத்த பிறகு, மரவேலிக்குள் முற்றுகையில் மாட்டிய தன் மக்களை ஏழு நாள் கட்டிக்காத்தாள். உதவிக்கு வந்த எல்ஃப் பிரபு நிலம் தருகிறேன், என் பாதுகாப்பில் இருங்கள் என்றான். யாருக்குக் கீழும் இருக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டு மக்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

முதலாம் யுகத்தின் கடைசிப் போரில் எல்ஃப்கள் பக்கம் நின்றதற்காக எடாயின்களுக்குக் கடல் நடுவே ஒரு தீவு பரிசாகக் கிடைத்தது. அதுதான் நூமெனோர். அங்கே குடியேறியவர்களும் அவர்கள் சந்ததியும் டூனெடாயின், அதாவது மேற்கின் மனிதர்கள். இரண்டாம் யுகம் 3319-ல் தீவு கடலில் மூழ்கியது. எலெண்டிலும் அவன் பிள்ளைகளும் ஒன்பது கப்பல்களில் தப்பி வந்து வடக்கே ஆர்னோர், தெற்கே கோண்டோர் என்ற இரண்டு நாடுகளை நிறுவினார்கள்.

அரகோர்னுக்கு 87 வயசுன்னு படத்துல சொல்றாரு. ஆளைப் பார்த்தா அப்படித் தெரியலையே?

இரண்டாம் படத்தின் நீட்டித்த பதிப்பில் வரும் வசனம் அது. அரகோர்ன் நூமெனோர் அரச வம்சத்தில் வந்தவன், கதை முடிவில் கோண்டோருக்கு அரசனாகிறவன். நூமெனோரின் முதல் அரசன் எல்ரோஸ், ரிவெண்டெல்லில் இருக்கும் எல்ராண்டின் கூடப்பிறந்தவன். இருவரும் மனித, எல்ஃப் கலப்பில் பிறந்தவர்கள். எந்த இனமாக இருப்பது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது. எல்ராண்ட் முதுமையில் சாகாத எல்ஃப் ஆனான். எல்ரோஸ் மனிதனாக இருக்க முடிவெடுத்து, 500 வயது வாழ்ந்து இறந்தான்.

நூமெனோர் மக்கள் எல்லாருக்குமே நீண்ட ஆயுள் ஒரு கொடையாகக் கிடைத்தது, அரச வம்சத்துக்கு இன்னும் அதிகமாக. தலைமுறை தலைமுறையாக அது குறைந்துகொண்டே வந்தது. அரகோர்னில் அது கொஞ்சம் மீண்டு, 210 வயது வரை வாழ்கிறான்.

ரோஹன்காரங்க கோண்டோருக்குச் சொந்தமா?

தூரத்துச் சொந்தம். ரோஹன் என்பது கோண்டோருக்குப் பக்கத்தில் இருக்கும் குதிரைவீரர்களின் நாடு. மலையைத் தாண்டாமல் கிழக்கிலேயே தங்கிய வடநாட்டு மனிதர்களின் வழியில் வந்தவர்கள். எடாயின் குலங்களோடு, முக்கியமாக ஹாடோர் குலத்தோடு, பழைய உறவு உண்டு என்பது கோண்டோர் அறிஞர்களின் கருத்து.

இவர்கள் முதலில் ஆண்டுயின் நதியின் மேல்பகுதியில் எயோதெயோட் என்ற பெயரில் வாழ்ந்தார்கள். 2510-ல் கோண்டோரைக் கிழக்கத்திய படை சூழ்ந்தபோது, இளம் தலைவன் எயோர்ல் குதிரைப் படையோடு வந்து காப்பாற்றினான். நன்றிக்கடனாக ஆட்சிப்பொறுப்பாளர் கிரியோன் கலெனார்தோன் மாகாணத்தையே கொடுத்துவிட்டார். 1636-ல் வந்த கொள்ளைநோய்க்குப் பிறகு அங்கே ஜனத்தொகை மிகக் குறைந்து போயிருந்தது. ‘குறைந்து’ என்ற இடத்தைக் கவனியுங்கள். அங்கே யாருமே இல்லை என்று அர்த்தமில்லை. அடுத்தடுத்த பதிலில் இது வரும்.

ரோஹன்னா பழைய இங்கிலாந்து, அதுல குதிரை மட்டும் எக்ஸ்ட்ரா. சரிதானே?

பெயர்களைக் கேட்டால் அப்படித்தான் தோன்றும். ரோஹன் அரசன் தியோடன், அவன் சகோதரியின் பிள்ளைகள் எயோமெர், எயோவின், இவை எல்லாம் பழைய ஆங்கிலப் பெயர்கள். டோல்கீன் ஆக்ஸ்ஃபோர்டில் ஆங்கிலோ-சாக்சன் பேராசிரியராக இருந்தவர். ஆனால் இதற்கு அவர் ஒரு கணக்கு வைத்திருந்தார். அந்த உலகத்தின் பொதுமொழியை நவீன ஆங்கிலமாக ‘மொழிபெயர்த்ததாக’ வைத்துக்கொண்டால், அதற்குத் தூரத்து உறவான ரோஹன் மொழியைப் பழைய ஆங்கிலமாக மாற்ற வேண்டும், டேல் நகரத்து மொழியைப் பழைய நோர்ஸாக மாற்ற வேண்டும். அவ்வளவுதான். ரோஹன் மக்கள் மற்ற விஷயங்களில் பண்டைய ஆங்கிலேயரைப் போன்றவர்கள் என்று இதற்கு அர்த்தமில்லை என்று புத்தகத்தின் பின்னிணைப்பில் அவரே எழுதியிருக்கிறார்.

ஹெல்ம்ஸ் டீப் சண்டையில சாருமான் பக்கம் இருந்த காட்டுமிராண்டிங்க யாரு? அவங்களுக்கு என்ன கோபம்?

டன்லாண்டு மக்கள். சாருமான் கெட்டுப்போன மந்திரவாதி, ஹெல்ம்ஸ் டீப் அவன் படை தாக்கிய ரோஹன் கோட்டை. படத்தில் ஒரே காட்சியில் இரத்த சத்தியம் செய்துவிட்டு ஊரைக் கொளுத்தப் போய்விடுவார்கள், கோபத்துக்கு ஒரு வரிதான் காரணம் வரும். உண்மையில் இவர்கள் கதை மூவாயிரம் ஆண்டுக்கு மேல் நீள்கிறது.

மேலே சொன்ன ஹாலெத் குலத்தின் உறவினர்கள் இவர்களின் முன்னோர். மினிரியாத், எனெட்வாய்த் என்ற பகுதிகளில் அடர்ந்த காடுகளில் வாழ்ந்தார்கள். இரண்டாம் யுகத்தில் நூமெனோர் கப்பல்கள் வந்தன. வந்தவர்களின் மொழி வேறு, இவர்களின் மொழி ஹாலெத் குலத்து மொழியின் கிளை. எனவே உறவு இரு பக்கமும் தெரியவில்லை. நூமெனோர்காரர்கள் கப்பல் கட்ட மரம் வெட்டினார்கள். வெட்டிய இடத்தில் நடவில்லை. எதிர்த்தவர்களைப் பகைவர்களாக்கிக் காட்டை இன்னும் மூர்க்கமாக அழித்தார்கள். எஞ்சியவர்கள் மலையடிவாரத்துக்குத் தள்ளப்பட்டார்கள். கடைசியில், இருந்த கொஞ்ச நிலத்தின் பக்கத்தில் ரோஹனைக் கொண்டுவந்து வைத்தது கோண்டோர்.

2758-ல் வுல்ஃப் என்ற தலைவன் ரோஹன் தலைநகர் எடோராஸையே பிடித்தான். அவன் அப்பா ஃப்ரேகாவை ரோஹன் அரசன் ஹெல்ம் ஒரே குத்தில் கொன்றதற்குப் பழி. 2024-ல் வந்த அனிமேஷன் படத்தின் கதை இதுதான். இரு பக்கமும் ஏகப்பட்ட உயிர் போய், ரோஹன் மீண்டும் வென்றது. ஹெல்ம்ஸ் டீப்பில் அவர்கள் கத்துவதைக் கேட்டு கேம்லிங் என்ற கிழவர் மொழிபெயர்ப்பார்: வைக்கோல் தலையர்கள் ஒழிக என்கிறார்கள், எயோர்லுக்கு நாட்டைக் கொடுத்ததை ஐந்நூறு வருஷமாகியும் அவர்கள் மறக்கவில்லை, அந்தக் கோபத்தைச் சாருமான் ஊதிவிட்டிருக்கிறான் என்பார்.

போர் முடிந்து சரணடைந்தபோது டன்லாண்டுக்காரர்கள் திகைத்துப் போனார்கள். ரோஹன்காரர்கள் கைதிகளை உயிரோடு எரிப்பார்கள் என்று சாருமான் சொல்லியிருந்தான். நடந்ததோ வேறு: இடிந்ததைக் கட்ட உதவுங்கள், ஆயுதத்தோடு ஐசன் ஆற்றுத்துறையை இனித் தாண்ட மாட்டோம் என்று சத்தியம் செய்யுங்கள், வீட்டுக்குப் போகலாம். படத்தில் இந்தக் காட்சியே இல்லை.

கான்-புரி-கான்னு ஒருத்தர் புத்தகத்துல வர்றாராமே?

ட்ரூஎடாயின் என்ற மக்களின் தலைவர். குட்டையான கட்டுமஸ்தான உடல், காய்ந்த பாசி போல நாலு முடி தாடி, இடுப்பில் புல் பாவாடை. கோண்டோரின் தலைநகர் மினாஸ் டிரித்தைக் காப்பாற்றப் போகும் ரோஹன் படைக்கு நேர்வழியை எதிரி மறித்திருக்கிறான். இவர் தியோடன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, மறந்துபோன ஒரு பழைய பாதையில் கூட்டிப்போகிறேன் என்கிறார். எதிரிகளின் எண்ணிக்கை இவருக்கு எப்படித் தெரியும் என்று எயோமெர் சந்தேகப்படுகிறான். கிழவருக்குக் கோபம். வானத்து நட்சத்திரம், மரத்து இலை, இருட்டில் ஆட்கள், எல்லாம் எண்ணத் தெரியும் எனக்கு என்று சொல்லி, ரோஹன் படையையே எண்ணிக் காட்டுகிறார்: இருபது இருபதுகள், பத்தும் ஐந்தும் தடவை. போட்டுப் பாருங்கள், 6000. சரியான கணக்கு.

பதிலுக்கு அவர் கேட்டது பொன்னோ நிலமோ இல்லை. எங்களைக் காட்டில் நிம்மதியாக விடுங்கள், மிருகம் போல வேட்டையாடாதீர்கள் என்றார். அதாவது, நாம் கைதட்டும் ரோஹன் வீரர்கள் அதுவரை இவர்களை வேட்டையாடியிருக்கிறார்கள். புத்தகம் இதை ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும்.

முதலாம் யுகத்தில் இவர்கள் ஹாலெத் குலத்தோடு பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்தவர்கள், எல்ஃப்கள் இவர்களையும் எடாயினில் சேர்த்தே எண்ணினார்கள். சிலர் நூமெனோருக்கும் போனார்கள். தீவின் கப்பல்கள் மிடில் எர்த்துக்குப் போய்வரத் தொடங்கிய பிறகு, காலடியில் நிலம் உறுதியாகத் தோன்றவில்லை என்று ஒவ்வொருவராகத் திரும்பிவிட்டார்கள்.

தெற்கே இருக்கறவங்க, கிழக்கே இருக்கறவங்க எல்லாரும் கெட்டவங்கதானா?

சவுரான் பக்கம் சண்டை போட்டார்கள், அது உண்மை. எல்லாருமா என்றால் இல்லை. முதலாம் யுகத்திலேயே கிழக்கிலிருந்து இரண்டு கூட்டம் வந்தது. உல்ஃபாங்கின் பிள்ளைகள் பெரும்போரின் நடுவில் கட்சி மாறிக் காட்டிக்கொடுத்தார்கள். போரின் பிள்ளைகள் கடைசிவரை எல்ஃப்கள் பக்கம் நின்று, அந்தத் துரோகிகளில் இருவரைக் கொன்று, தாங்களும் மடிந்தார்கள். இரண்டு கூட்டமும் ஒரே ஊர்க்காரர்கள்.

தெற்கே இருக்கும் ஹராட் மக்களுக்கும் பழைய கணக்கு உண்டு. நூமெனோர் கப்பல்கள் முதலில் உழவும் தொழிலும் சொல்லிக்கொடுக்க வந்தன. இரண்டாம் யுகம் 1800 வாக்கில் இருந்து அதே கப்பல்கள் கடற்கரைகளைப் பிடித்துக் கப்பம் வாங்கத் தொடங்கின. பிறகு கோண்டோர் அரசர்களும் ஹராட்டை அடக்கிக் கப்பம் வாங்கியிருக்கிறார்கள். சவுரான் வந்து ‘கோண்டோர் உங்கள் எதிரி’ என்றால் அவர்கள் நம்புவதற்கு இது போதும்.

கோண்டோரின் இத்திலியன் காட்டில் ஒரு ஹராட் வீரன் சாம் என்ற குட்டை ஹாபிட்டின் பக்கத்தில் செத்து விழும் இடம் புத்தகத்தில் இருக்கிறது. சிவப்பு உடை, பித்தளைக் கவசம், பொன் கோத்துப் பின்னிய கறுத்த சடை இரத்தத்தில் நனைந்திருக்கிறது, மாநிறக் கை உடைந்த வாளை இன்னும் பிடித்திருக்கிறது. இவன் பெயர் என்ன, எந்த ஊர், உண்மையிலேயே கெட்டவனா, எந்தப் பொய் அல்லது மிரட்டல் இவனை இவ்வளவு தூரம் இழுத்துவந்தது என்று சாம் யோசிக்கிறான். படத்தின் நீட்டித்த பதிப்பில் இதைக் கோண்டோர் தளபதி ஃபராமிர் வாயில் போட்டார்கள். எனக்கு அது சாமிடம் இருப்பதே பிடிக்கும். முதன்முதலாக மனிதர்கள் மனிதர்களைக் கொல்வதைப் பார்க்கிற தோட்டக்காரனுக்கு வரும் சந்தேகம் அது.

உம்பார் கடற்கொள்ளைக்காரங்களும் ஹராட் ஆளுங்கதானா?

மோதிரப் போர் நேரத்தில் பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் உம்பார் நூமெனோர்காரர்கள் கட்டிய துறைமுகம். தீவு மூழ்கிய பிறகு, சவுரான் பக்கம் சாய்ந்த கறுப்பு நூமெனோர்காரர்கள் அங்கே இருந்தார்கள். இங்கே ‘கறுப்பு’ என்பது சேர்ந்த பக்கத்தைக் குறிப்பது, தோல் நிறத்தை இல்லை. கோண்டோர் 933-ல் அதைப் பிடித்தது, பிறகு தன் வீட்டுச் சண்டையிலேயே இழந்தது.

அது என்ன வீட்டுச் சண்டை?

இனக்கலப்பு பற்றிய சண்டை. கோண்டோர் இளவரசன் வலகார், வடநாட்டு மன்னன் விடுகாவியாவிடம் தூதனாகப் போய், அவன் மகள் விடுமாவியை மணந்தான். மகன் எல்டகார். ‘தாழ்ந்த’ இரத்தம் கலந்தால் அரச வம்சத்தின் ஆயுள் குறையும், பெருமை போகும் என்று பிரபுக்கள் கொதித்தார்கள். 1437-ல் கப்பற்படைத் தலைவன் காஸ்டமிர் எல்டகாரைத் துரத்தி அரியணை ஏறினான். அப்போதைய தலைநகர் ஓஸ்கிலியாத் எரிந்தது. பத்து ஆண்டு கழித்து எல்டகார் தாய்வழி உறவினரின் படையோடு திரும்பிவந்து காஸ்டமிரைக் கொன்றான். காஸ்டமிரின் பிள்ளைகள் கப்பல்களோடு உம்பாருக்கு ஓடினார்கள். அந்த வழி 1810-ல் கோண்டோர் படையால் முடிந்தது.

கலப்பு இரத்தத்து எல்டகார் எத்தனை வயது வாழ்ந்தான் தெரியுமா? 235. ஆயுள் குறைவதற்குக் கலப்பு காரணமில்லை, அது எப்படியும் குறைந்துகொண்டுதான் இருந்தது என்று அந்த நாட்டு வரலாறே ஒப்புக்கொள்கிறது. சுத்த இரத்தம் பேசியவர்கள்தான் தலைநகரை எரித்துக் கோண்டோரைப் பலவீனமாக்கினார்கள்.

ஆனா ஃபராமிரே மனுஷங்களை உயர்ந்தவங்க, நடுத்தரம், காட்டு ஆளுங்கன்னு மூணா பிரிக்கிறாரே?

பிரிக்கிறான், நல்லவனும்தான். கோண்டோரில் பள்ளிப்பாடம் போல அது. நூமெனோர் வழியினர் மேலே, ரோஹன் போன்றவர்கள் நடுவில், மற்றவர்கள் இருட்டில். அதே மூச்சில் அவன், நாங்களும் இப்போது நடுத்தரமாகிவிட்டோம், போரை விளையாட்டாக விரும்பக் கற்றுக்கொண்டோம் என்கிறான். இந்தப் பட்டியலை வைத்துப் பார்த்தால் ட்ரூஎடாயின் கடைசியில் வருவார்கள், சவுரானின் நாடான மோர்டோரின் வாசலில் அவன் தூதனாக வந்து பேசும் கறுப்பு நூமெனோர்காரன் பிறப்பால் முதலில் வருவான். பட்டியலின் தகுதி அவ்வளவுதான்.

சுத்தி வளைக்காம சொல்லுங்க, டோல்கீன் இனவாதியா?

இரண்டு பக்கமும் சான்று இருக்கிறது. தூர ஹராட் வீரர்களைப் பற்றிய புத்தக வருணனை இன்று படித்தால் உறுத்துகிறது: கறுத்த உடல், வெள்ளை விழி, சிவந்த நாக்கு, பாதி ட்ரோல் (பூதம்) போல. ஓர்க்குகளின் முகத்தை விளக்க, ஐரோப்பியக் கண்ணுக்கு அழகில்லாத மங்கோலிய முகம் என்று ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். இவற்றை மூடிமறைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

மறுபக்கம்: 1938-ல் ஒரு ஜெர்மன் பதிப்பகம் நீங்கள் ஆரியரா என்று கேட்டபோது அவர் எழுதிய பதில் வரைவு காட்டமானது. ஆரியம் என்றால் இந்தோ-ஈரானிய மொழிகள் சம்பந்தப்பட்டது, என் முன்னோர் யாரும் இந்துஸ்தானியோ பாரசீகமோ பேசியதில்லை. யூத வம்சமா என்று கேட்கிறீர்கள் என்றால், அப்படிப்பட்ட முன்னோர் எனக்கு இல்லையே என்றுதான் வருத்தம் என்றார். தென்னாப்பிரிக்காவில் பிறந்த அவர், 1959-ல் ஆக்ஸ்ஃபோர்டு விடைபெறும் உரையில் நிறவெறி ஆட்சி மீதான வெறுப்பு தன் எலும்பிலேயே இருப்பதாகச் சொன்னார். என் தீர்ப்பு: கொள்கையில் எதிர்த்தவர், கற்பனையில் தன் காலத்துப் பழைய படங்களை அப்படியே எடுத்துக்கொண்டவர்.

ஹாபிட்டுங்க மனுஷங்களா, தனி இனமா?

மனிதர்களின் ஒரு கிளை என்றே டோல்கீன் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார்; புத்தகத்தின் முன்னுரை நம் உறவினர்கள் என்கிறது. அவர்களுக்குள்ளும் ஹார்ஃபுட், ஸ்டூர், ஃபாலோஹைட் என்று மூன்று பிரிவு. தங்கள் நாடான ஷயரில் குடியேறியது 1601-ல். ப்ரீ ஊரில் மனிதர்களும் ஹாபிட்டுகளும் சேர்ந்தே வாழ்கிறார்கள். அந்த ஊர் மனிதர்கள் டன்லாண்டு மக்களின் உறவுதான் என்பது பலர் கவனிக்காத விஷயம்.

இவங்களுக்குச் சாமி, கோயில் எல்லாம் கிடையாதா?

குறைவு. நூமெனோரில் மெனெல்டார்மா மலையுச்சியில் திறந்தவெளியில் வழிபாடு, கூரை கிடையாது, ஆண்டுக்கு மூன்று முறை அரசன் மட்டும் பேசலாம். ஃபராமிரின் ஆட்கள் சாப்பிடும் முன் மேற்கே பார்த்து நிற்பது அதன் மிச்சம். விவரமாக வருணிக்கப்படும் பெரிய கோயில், அதே தீவில் தன் பழைய எஜமானான இருண்ட தலைவன் மெல்கோருக்காகச் சவுரான் கட்டவைத்தது. அங்கே நரபலி கொடுத்தார்கள்.

வடக்கே பனிப் பிரதேசத்துல யாராவது இருக்காங்களா?

லாஸ்ஸோத் மக்கள், ஃபொரோகெல் விரிகுடாப் பக்கம். வட நாட்டின் கடைசி அரசன் ஆர்வெடுயி 1974-ல் தோற்று அங்கே ஓடிவந்தான். பாதி இரக்கத்திலும் பாதி ஆயுதத்துக்குப் பயந்தும் சோறு போட்டு, பனிக்குடிசை கட்டிக்கொடுத்தார்கள். அவன் நீட்டிய நகைகள் அவர்களுக்குக் கல்லுக்குச் சமம். மீட்க எல்ஃப் கப்பல் வந்தபோது அவர்களின் தலைவன், இந்தக் கடல் பூதத்தில் ஏறாதே, கோடையில் உன் எதிரியின் பலம் குறையும், அதுவரை இரு என்றான். அரசன் கேட்கவில்லை. புயலில் பனிக்கட்டி நெருக்கிக் கப்பல் உடைந்து, அவனும் அவனிடமிருந்த, தூரத்தில் நடப்பதைக் காட்டும் இரண்டு பலந்தீர் கற்களும் கடலுக்குள் போயின.

போர் முடிஞ்சதும் சவுரான் பக்கம் இருந்தவங்களுக்கு என்ன ஆச்சு?

முடிசூடியதும் அரகோர்ன் சரணடைந்த கிழக்கத்தியரை விடுவித்தான், ஹராட்டோடு சமாதானம் செய்துகொண்டான். மோர்டோரின் அடிமைகளை விடுதலை செய்து நூர்னென் ஏரியைச் சுற்றியிருந்த நிலத்தை அவர்களுக்கே கொடுத்தான். அந்த ஏரிக்கரை வயல்களில்தான் சவுரானின் படைக்கு அடிமைகள் பயிரிட்டார்கள். ட்ரூஎடாயினுக்கு அவர்கள் காடு, அனுமதியில்லாமல் யாரும் நுழையக் கூடாது என்ற அறிவிப்போடு.

எல்லாம் அமைதியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பின்னாளில் அரகோர்னும் எயோமெரும் ரூன் கடலுக்கு அப்பாலும் தெற்கின் தூரத்து வெளிகளிலும் படையெடுத்துப் போனார்கள் என்று பின்னிணைப்பு சொல்கிறது. எதற்காக, யாரோடு என்ற விவரம் அதில் இல்லை. அந்தப் பக்கத்துக்காரர்கள் எழுதிய வரலாறு எதுவும் நம் கைக்கு வரவில்லை.